பழைய காரின் என்ஜினை வீட்டிலேயே குறைந்த செலவில் சரிசெய்வது எப்படி: சோதனையிலிருந்து ரிங் வேலை வரை

கார் புகை தள்ளுகிறது, பிக்கப் இல்லை, ஆயில் குடிக்கிறது என்றால் உடனே எல்லோரும் சொல்வது "என்ஜினை இறக்கிட வேண்டியதுதான்". இறக்கிப் பிரித்தபின் பார்த்தால், வெறும் வால்வு சீல் (வால்வுத் தண்டு வழியே ஆயில் இறங்காமல் தடுக்கும் ரப்பர்) போயிருக்கும். அல்லது பத்து நிமிடத்தில் மாற்றக்கூடிய ஒரு ரப்பர் குழாய் வெடித்திருக்கும். வீட்டில் என்ஜின் வேலை பார்க்கும்போது பணம் கரைவது பெரும்பாலும் தவறான இடத்தைத் திறப்பதால்தான். ஆகவே இந்த வழிகாட்டியில் கழற்றுவதற்கு எவ்வளவு இடமோ, கழற்றாமல் அளந்து பார்ப்பதற்கும் அவ்வளவு இடம்.

இங்கே சொல்வது நான்கு சிலிண்டர் பெட்ரோல் என்ஜின்களுக்கு. கார்புரேட்டர் வண்டி, எளிய இன்ஜெக்ஷன் வண்டி இரண்டுக்கும் பொருந்தும். உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவல் ஒரு பிரதி கையில் இருந்தே ஆக வேண்டும். ஹெட் போல்ட் டார்க் (சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட்டின் போல்டை இறுக்கும் விசை), டேப்பெட் இடைவெளி (வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவே உள்ள சந்து), டைமிங் குறிகள் (பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டும் வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டும் ஒத்து நிற்க வேண்டிய அடையாளங்கள்) ஆகிய மூன்றும் வண்டிக்கு வண்டி மாறும். கீழே வரும் எண்கள் பொதுவான வரம்புகள். மேனுவலில் வேறு எண் இருந்தால் அதுவே சரி.

எதற்குச் செலவு செய்வது

சாதாரண பாக்ஸ் செட், ரிங் ஸ்பானர், ஸ்க்ரூ டிரைவர் ஏற்கெனவே இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். கூடுதலாக வேண்டியவை: கம்ப்ரஷன் கேஜ், ஃபீலர் கேஜ் (சந்தை அளக்கும் மெல்லிய தகடுகள்), டார்க் ரெஞ்ச் (இறுக்கும் விசையைக் காட்டும் ஸ்பானர்), வாக்குவம் கேஜ், நேரான இரும்பு மட்டக்கோல் ஒன்று. இவற்றில் டார்க் ரெஞ்சை மட்டும் நல்லதாக வாங்குங்கள், மற்றவை சுமாரானதாக இருந்தாலும் வேலை நடக்கும். வால்வு ஸ்பிரிங் கம்ப்ரஸர், ரிங் கம்ப்ரஸர், ஹோனிங் கருவி (சிலிண்டர் சுவரை லேசாகத் தேய்ப்பது) எல்லாம் ஒருமுறை மட்டுமே தேவைப்படுபவை. இரவலோ வாடகையோ போதும்.

உதிரிபாகத்தில் எங்கே சிக்கனம், எங்கே கூடாது என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. மேனிஃபோல்ட், பிராக்கெட், வால்வு கவர், ஸ்டார்ட்டர், கார்புரேட்டர் உடல் போன்றவை பழைய வண்டியிலிருந்து எடுத்ததே போதும். ஹெட் கேஸ்கட் (ஹெட்டுக்கும் அடியில் உள்ள பிளாக்குக்கும் நடுவே வரும் அடைப்புத் தகடு), டைமிங் பெல்ட், ஆயில் சீல், கூலன்ட் குழாய்கள், ரிங் செட் (பிஸ்டனைச் சுற்றி இருக்கும் வளையங்கள்) ஆகியவற்றைப் பழையதாக வாங்கவே கூடாது. இவை போனால் உழைப்பெல்லாம் மறுபடி முதலிலிருந்து.

பாதுகாப்பில் சிக்கனமே இல்லை. ஜாக் மேல் மட்டும் நிற்கும் வண்டியின் கீழே தலையை விடாதீர்கள்; ஸ்டாண்ட் வைத்த பிறகே போங்கள். வேலைக்கு முன் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். பாகங்களைக் கழுவ மண்ணெண்ணெய் போதும், பெட்ரோல் வேண்டாம். அதன் ஆவி தரையோடு பரவித் தூரத்தில் இருக்கும் பொறியையும் தேடிப் பிடிக்கும். மூடிய ஷெட்டுக்குள் என்ஜினை ஓட விடாதீர்கள். மிகப் பழைய வண்டிகளின் கேஸ்கட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம். உலர்ந்த நிலையில் சுரண்டித் தூசி கிளப்பாமல் நனைத்துச் சுரண்டுங்கள்.

கம்ப்ரஷன் சோதனை

என்ஜினின் உடல்நிலையை அரை மணி நேரத்தில் சொல்லிவிடும் சோதனை இது. செய்யும் முறையில் தப்பு நேர்ந்தால் எண்களும் பொய் சொல்லும்.

என்ஜினைச் சூடாகும் வரை ஓட்டி நிறுத்துங்கள். பிளக் குழியைச் சுற்றியுள்ள மண்ணை ஊதிவிட்டு நான்கு பிளக்கையும் கழற்றுங்கள். கழற்றிய வரிசையிலேயே தரையில் அடுக்கி வையுங்கள், பிறகு பயன்படும். இக்னிஷன் காயில் வயரைப் பிடுங்குங்கள். இன்ஜெக்ஷன் வண்டியென்றால் பெட்ரோல் பம்ப் ஃபியூஸையும் எடுத்துவிடுங்கள். கேஜை முதல் சிலிண்டரில் திருகி, உதவிக்கு ஒருவரை ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்தபடி ஸ்டார்ட்டரைச் சுற்றச் சொல்லுங்கள். முள் ஏறுவது நிற்கும்வரை, அதாவது ஐந்தாறு துடிப்பு. எண்ணை எழுதிக்கொண்டு அடுத்த சிலிண்டர்.

ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் விட்டால் காற்று உள்ளே போகாது. நல்ல என்ஜினும் செத்த என்ஜின்போலக் காட்டும். பேட்டரி பலவீனமாக இருந்தாலும் அதே கதி.

நல்ல நிலையில் உள்ள பெட்ரோல் என்ஜின் பொதுவாக 10 முதல் 13 பார் வரை காட்டும். பழைய குறைந்த கம்ப்ரஷன் என்ஜின்கள் இதற்குக் கொஞ்சம் கீழே இருக்கலாம். எண்ணின் உயரத்தைவிட நான்குக்கும் இடையிலான வித்தியாசமே முக்கியம். அதிகபட்சத்துக்கும் குறைந்தபட்சத்துக்கும் 10 முதல் 15 சதவீதத்துக்கு மேல் இடைவெளி இருந்தால் ஏதோ இருக்கிறது. 7 பாருக்குக் கீழே போன சிலிண்டர் ஒழுங்காக எரியாது.

குறைவாகக் காட்டிய சிலிண்டருக்குள் பிளக் துளை வழியாக ஒரு டீஸ்பூன், சுமார் 5 மி.லி., என்ஜின் ஆயில் விட்டு மறுபடி அளந்து பாருங்கள். எண் நன்றாக ஏறினால் கசிவு ரிங் பக்கம். ஊற்றிய ஆயில் தற்காலிகமாக அதை அடைத்திருக்கிறது. ஏறவே இல்லையென்றால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கட். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர் மட்டும் சேர்ந்தாற்போல் குறைந்திருந்தால், இரண்டுக்கும் நடுவே கேஸ்கட் எரிந்திருக்கிறது என்று கிட்டத்தட்ட உறுதியாகவே சொல்லலாம்.

புகையும் மற்ற அடையாளங்களும்

கறுப்புப் புகை என்றால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது: அடைத்த ஏர் ஃபில்டர், ஒட்டிக்கொண்ட சோக், கார்புரேட்டரில் நிரம்பி வழியும் ஃப்ளோட். என்ஜினைத் திறக்க வேண்டியதே இல்லை.

வெள்ளைப் புகை குளிரில் சிறிது நேரம் வந்து நின்றால் வெறும் நீராவி. சூடான பிறகும் தொடர்ந்து வந்து, இனிப்பான வாடை அடித்து, ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்தால் கூலன்ட் சிலிண்டருக்குள் போகிறது. என்ஜின் குளிர்ந்திருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்துவிட்டு ஸ்டார்ட் செய்து பாருங்கள். தண்ணீரில் குமிழ் விடாமல் வந்துகொண்டே இருந்தால் ஹெட் கேஸ்கட்தான். ஆயில் மூடியின் அடியில் பால்போலப் படிவதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். குறுகிய தூரம் மட்டுமே ஓடும் வண்டிகளில் ஈரம் உறைந்தும் அப்படிப் படியும். டிப் ஸ்டிக்கிலேயே ஆயில் பால் காப்பி நிறத்தில் வந்தால்தான் கவலை.

நீலப் புகை ஆயில் எரிவது. அது எப்போது வருகிறது என்று கவனியுங்கள். இரவு முழுக்க நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு குப்பெனப் புகை, பிறகு சுத்தம். அல்லது சரிவில் ஆக்சிலரேட்டரை விட்டு இறங்கி மறுபடி மிதிக்கும்போது புகை என்றால் வால்வு சீல். மேட்டில் ஏறும்போது, இழுக்கும்போதெல்லாம் விடாமல் புகை என்றால் ரிங். முதல் வகை ஒரு நாள் வேலை, இரண்டாவது பல நாள் வேலை.

கழற்றி அடுக்கிய பிளக்குகளையும் பாருங்கள். மற்ற மூன்றும் பழுப்பாக இருக்க, ஒன்று மட்டும் ஆயில் பிசுக்கோடு கறுப்பாக இருந்தால் நோயாளி அந்தச் சிலிண்டர். ஒன்று மட்டும் கழுவி வைத்ததுபோல் பளிச்சென்றிருந்தால் அங்கே தண்ணீர் போகிறது.

திறக்காமலே தீரும் கோளாறுகள்

கம்ப்ரஷன் நான்கிலும் நன்றாக இருந்தால் ஹெட்டைத் தொடாதீர்கள். வாக்குவம் கேஜை இன்டேக் மேனிஃபோல்டில் (காற்று என்ஜினுக்குள் போகும் குழாய்த் தொகுதி) மாட்டுங்கள். கடல்மட்ட அளவில் ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் ஓடும்போது) முள் 17 முதல் 21 பாதரச அங்குலத்துக்குள் அசையாமல் நிற்க வேண்டும். அசையாமலே குறைவாக நின்றால் இக்னிஷன் டைமிங் பின்தங்கியிருக்கலாம், அல்லது மேனிஃபோல்ட் கேஸ்கட்டில் காற்று இழுக்கலாம். ஒரே தாளத்தில் முள் துடித்து விழுந்தால் ஏதோ ஒரு வால்வு உட்காரவில்லை.

பிசிவி வால்வை (என்ஜினின் அடிப்பகுதியான கிராங்க் கேஸில் சேரும் வாயுவை வெளியே இழுக்க விடும் சிறு வால்வு) கழற்றிக் குலுக்கிப் பாருங்கள். உள்ளே கிலுகிலு என்ற சத்தம் வர வேண்டும். அது அடைத்துக்கொண்டால் கிராங்க் கேஸ் அழுத்தம் ஏறி ஆயிலை எல்லாச் சந்திலும் வெளியே தள்ளும், புகையும் வரும். இதைப் பார்க்காமல் ரிங் மாற்றியவர்கள் நிறையப் பேர்.

பிளக் இடைவெளி: கான்டாக்ட் பாயின்ட் (இக்னிஷன் மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் தொடுமுனை) உள்ள பழைய வண்டிகளில் 0.6 முதல் 0.7 மி.மீ., எலக்ட்ரானிக் இக்னிஷனில் 0.8 முதல் 1.1 மி.மீ. பாயின்ட் இடைவெளி சுமார் 0.4 மி.மீ. பாயின்டைச் சரிசெய்தால் இக்னிஷன் டைமிங்கும் நகர்ந்துவிடும். அதனால் முதலில் பாயின்ட், அப்புறம் டைமிங். இந்த வரிசையை மாற்றினால் இரண்டையும் மறுபடி செய்ய வேண்டியதுதான்.

ரேடியேட்டரில் ஊற்றும் கசிவு அடைப்பு மருந்துகளைத் தவிர்ப்பதே நல்லது. ஹெட் கேஸ்கட்டை அது காப்பாற்றுவது நிச்சயமில்லை. ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களை அடைக்க வாய்ப்பு அதிகம்.

வால்வு சீல் மட்டும் போயிருந்தால்

பல என்ஜின்களில் ஹெட்டை இறக்காமலே மாற்றலாம். சிக்கல் ஒன்றுதான்: ஸ்பிரிங்கைக் கழற்றினால் வால்வு சிலிண்டருக்குள் விழுந்துவிடும். அதற்கு ஒரு மீட்டர் நைலான் கயிறு போதும். இரண்டு வால்வும் மூடியிருக்கும் கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கில், பிஸ்டன் மேலே வருவதற்குக் கொஞ்சம் முன்பு நிறுத்தி, பிளக் துளை வழியாகக் கயிற்றைச் சுருட்டிச் சுருட்டி உள்ளே விடுங்கள். ஒரு முனை வெளியே இருக்கட்டும். கிராங்க் போல்டில் ஸ்பானர் போட்டுக் கையால் மெதுவாகச் சுற்றினால் பிஸ்டன் கயிற்றை மேலே அழுத்தி வால்வைத் தாங்கிப் பிடிக்கும். இனி ஸ்பிரிங்கை அழுத்தி லாக்குகளை (ஸ்பிரிங்கின் மேல் மூடியான ரீட்டெய்னரை வால்வுத் தண்டில் பிடித்திருக்கும் சிறு துண்டுகள்) எடுக்கலாம். அழுத்துவதற்கு முன் ரீட்டெய்னர் மேல் ஒரு சாக்கெட்டை வைத்து லேசாகத் தட்டுங்கள். வருடக்கணக்கில் ஒட்டிப்போன லாக் விட்டுக்கொடுக்கும். அருகில் இருக்கும் ஆயில் துளைகளைத் துணியால் அடைத்துவிடுங்கள். அதற்குள் விழுந்த லாக்கைத் தேடுவது தனி வேலை.

ஹெட்டைக் கழற்றுதல்

என்ஜின் முழுக்கக் குளிர்ந்திருக்க வேண்டும், முடிந்தால் இரவு முழுக்க நிற்கட்டும். சூடாக இருக்கும் அலுமினிய ஹெட்டின் போல்டைத் தளர்த்தினால் அது வளைந்துவிடும்.

கூலன்டையும் ஆயிலையும் வடியுங்கள். கழற்றும் ஒவ்வொரு குழாய்க்கும் வயருக்கும் டேப் ஒட்டி எண் போடுங்கள். போனில் படமும் எடுங்கள். முதல் சிலிண்டரைக் கம்ப்ரஷன் டிடிசிக்கு (கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கில் பிஸ்டன் உச்சியில் நிற்கும் நிலை) கொண்டுவந்து, கிராங்க் புல்லியிலும் கேம் ஸ்ப்ராக்கெட்டிலும் உள்ள குறிகள் எங்கே நிற்கின்றன என்று பாருங்கள். குறி மங்கியிருந்தால் வெள்ளை பெயின்ட்டால் நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். டைமிங் செயின் வண்டியில், ஸ்ப்ராக்கெட்டைக் கழற்றும் முன் செயினைக் கம்பியால் கட்டித் தொங்கவிடுங்கள். அது உள்ளே விழுந்தால் முன்பக்கக் கவர் முழுவதையும் திறக்க நேரும்.

எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் ஸ்டட்தான் பழைய வண்டியில் பொறுமையைச் சோதிக்கும் இடம். முந்தின நாளே துரு இளக்கும் எண்ணெய் விட்டுவையுங்கள். வராவிட்டால் இழுத்து முறிக்காமல், இறுக்கும் பக்கம் ஒரு நூல் திருப்பி, பிறகு தளர்த்தும் பக்கம் ஒரு நூல் என்று ஆட்டி ஆட்டி எடுங்கள். அப்போதும் வராவிட்டால் நட்டைச் சூடாக்கலாம். பெட்ரோல் குழாய் பக்கத்தில் இருந்தால் சூடு காட்டவே கூடாது.

ஹெட் போல்ட்டை ஓரங்களிலிருந்து நடுவை நோக்கி, முதல் சுற்றில் அரைத் திருப்பு மட்டும் தளர்த்துங்கள். எல்லாம் கழன்ற பிறகும் ஹெட் வரவில்லையா? முதலில் மறைவாக ஒரு போல்ட் மிச்சம் இருக்கிறதா என்று தேடுங்கள், பெரும்பாலும் இருக்கும். இரண்டு பரப்புக்கும் நடுவே ஸ்க்ரூ டிரைவரை அடித்து நெம்பினால் ஆழமான கீறல் விழும். வெளிப்புறத்தில் துருத்திக்கொண்டிருக்கும் வார்ப்புக் காதுகளில் மரக்கட்டை வைத்துத் தட்டுங்கள். வெட் லைனர் (சிலிண்டர் குழல் தனியாகப் பொருத்தப்பட்டு, கூலன்ட் நேரே அதைச் சுற்றி ஓடும் வகை) என்ஜின் என்றால் ஹெட் இல்லாத நிலையில் கிராங்கைச் சுற்றாதீர்கள். லைனர் மேலே எழும்பி அடியில் உள்ள சீல் விட்டுவிடும்.

எடுத்த கேஸ்கட்டை எறிவதற்கு முன் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். சிலிண்டர் வளையத்தில் ஒரு இடத்தில் மட்டும் கரி படிந்து பக்கத்துச் சிலிண்டர் வரை ஓடியிருக்கும். அல்லது தண்ணீர்த் துளையிலிருந்து துரு நிறத்தில் ஒரு கோடு சிலிண்டரை நோக்கிப் போயிருக்கும். அந்தக் கோடு எந்தச் சிலிண்டருக்குப் போகிறதோ, அதன் பிஸ்டன் தலை மட்டும் கரியில்லாமல் வெளுத்திருப்பதையும் காணலாம். கசிவின் முகவரி அது. ஹெட்டிலும் பிளாக்கிலும் அதே இடத்தைத்தான் உன்னிப்பாக அளக்க வேண்டும். கேஸ்கட்டில் எந்தத் தடமும் இல்லையென்றால் ஹெட்டில் விரிசல் இருக்கலாம், பட்டறையில் பிரஷர் டெஸ்ட் செய்யக் கொடுங்கள்.

பரப்பைச் சுத்தம் செய்வதும் அளப்பதும்

டிரில்லில் மாட்டும் உராய்வுத் தட்டுகளால் பிளாக்கைத் தேய்ப்பது வேகமான வழி, பேரிங்குகளைக் கொல்லவும் அதுவே வேகமான வழி. அதிலிருந்து உதிரும் நுண்ணிய துகள் ஆயிலில் கலந்து கிராங்க்கை அரம்போல அராவும். பிளாஸ்டிக் அல்லது பித்தளைச் சுரண்டியும் பொறுமையுமே போதும். பிஸ்டன் ஓரத்துக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவே உள்ள இடுக்கில் கொஞ்சம் கிரீஸ் அப்பிக்கொண்டு கரியைச் சுரண்டினால், உதிர்வது கிரீஸில் ஒட்டும். பிறகு துணியால் வழித்து எடுத்துவிடலாம்.

மட்டக்கோலை ஹெட்டின் மேல் நீளவாக்கில் இரண்டு இடம், குறுக்கே மூன்று இடம், மூலைக்கு மூலை இரண்டு என வைத்து, அடியில் 0.05 மி.மீ. ஃபீலர் நுழைகிறதா என்று பாருங்கள். நுழைந்தால் மேனுவல் வரம்பைப் பார்த்து ஃபேசிங் (பரப்பைச் சீவி மட்டமாக்குதல்) கொடுங்கள். இந்த வேலையை வீட்டில் கண்ணாடி மேல் உப்புத்தாள் ஒட்டித் தேய்த்துப் பார்க்கச் சொல்பவர்கள் உண்டு. சின்ன ஒற்றைச் சிலிண்டர் ஹெட்டுக்கு அது சரி. நான்கு சிலிண்டர் ஹெட்டில் ஓரம் தேய்ந்து நடு மேடாகிவிடும். பட்டறைக்குக் கொடுக்கும் செலவு இங்கே நியாயமானது. பிளாக்கின் மேற்பரப்பையும் இதே போல் அளக்க மறக்காதீர்கள்.

வால்வு லேப்பிங்

வால்வுகளைக் கழற்றும்போது அட்டையில் எட்டுத் துளை போட்டு எண் எழுதிச் செருகிவையுங்கள். வால்வும் அதன் சீட்டும் (வால்வு மூடும்போது உட்காரும் விளிம்பு) ஜோடி. மாற்றி வைக்கக் கூடாது. வால்வை கைடில் (வால்வுத் தண்டு ஓடும் குழல்) பாதி நுழைத்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். தெளிவாகக் கடகடவென ஆடினால் கைடு தேய்ந்திருக்கிறது. அந்த நிலையில் புது சீல் போட்டாலும் சில மாதத்தில் போய்விடும். வால்வு தலையின் ஓரத் தடிமன் 0.8 மி.மீ.க்குக் குறைந்து கத்தி முனைபோல் ஆகியிருந்தால் வால்வை மாற்றுங்கள்.

வால்வு முகத்தில் முதலில் கொரகொரப்பான லேப்பிங் பேஸ்டை (தேய்க்கும் துகள் கலந்த பசை) மூன்று நான்கு புள்ளியாக வையுங்கள். தண்டில் ஒரு துளி ஆயில். பேஸ்ட் தண்டில் படவே கூடாது. ரப்பர் கப் குச்சியை வால்வுத் தலையில் ஒட்டி, தீ கடைவதுபோல் இரு உள்ளங்கைகளுக்கு இடையே முன்னும் பின்னும் உருட்டுங்கள். தொடக்கத்தில் கரகரவென்று சத்தமும் கையில் அதிர்வும் இருக்கும். பத்துப் பதினைந்து உருட்டலில் சத்தம் மெலிந்து வழவழப்பாகும். துகள் நசுங்கிவிட்டது என்று அர்த்தம். வால்வைத் தூக்கி, கால் சுற்று திருப்பி வைத்து மறுபடி உருட்டுங்கள். தூக்காமல் ஒரே இடத்தில் தேய்த்தால் வட்டக் கீறல் விழும். பிறகு துடைத்துவிட்டு மென்மையான பேஸ்டில் அதே வேலை.

முடிந்ததும் வால்விலும் சீட்டிலும் மங்கிய சாம்பல் நிறத்தில் ஒரு வளையம் தெரிய வேண்டும். எங்கும் அறுபடாமல், ஒரே அகலத்தில், பொதுவாக 1.2 முதல் 2 மி.மீ. வரை. சந்தேகம் தீர பென்சிலால் வால்வு முகத்தில் குறுக்கே பத்துக் கோடு கிழித்து, சீட்டில் வைத்து கால் சுற்று திருப்பி எடுங்கள். எல்லாக் கோடும் நடுவில் அழிந்திருந்தால் வால்வு முழுக்க உட்காருகிறது. ஒரு பக்கம் மட்டும் அழிந்தால் வால்வு வளைந்திருக்கும். அரை மணி நேரம் தேய்த்தும் குழிகள் போகவில்லையென்றால் மேலும் தேய்க்காதீர்கள். சீட் கட்டிங் பட்டறை வேலை.

பேஸ்டை மிச்சம் மீதியில்லாமல் மண்ணெண்ணெயில் கழுவி, சீல் போட்டு, வால்வுகளை மாட்டி, பிளக்கையும் திருகி, ஹெட்டைத் தலைகீழாக மட்டமாக வைத்து எரிப்பறைகளில் மண்ணெண்ணெய் ஊற்றுங்கள். பத்து நிமிடம் கழித்துப் போர்ட்டுகளுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். ஈரம் தெரியும் வால்வை மறுபடி கழற்ற வேண்டும்.

மறுபடி ஏற்றுதல்

பிளாக்கில் உள்ள போல்ட் துளைகளை ஊதி உலர்த்துங்கள். அடிமூடிய துளையில் ஆயிலோ தண்ணீரோ தேங்கியிருந்தால், போல்டை இறுக்கும்போது அது நசுங்க இடமில்லாமல் பிளாக்கையே பிளக்கும். போல்ட் மரையைக் கம்பி பிரஷ்ஷால் சுத்தம் செய்து, மேனுவல் உலர்வாக என்று சொல்லாத வரை மரையிலும் தலையின் அடியிலும் ஒரு துளி ஆயில் தடவுங்கள். மேனுவலில் டார்க்கோடு 90 டிகிரி என்பதுபோலக் கோணமும் கொடுத்திருந்தால் அது நீளும் வகைப் போல்டாக இருக்கும். அவற்றுக்குப் புதியதே வேண்டும்.

கேஸ்கட்டை எழுத்து எந்தப் பக்கம் வர வேண்டுமோ அப்படி வையுங்கள். பிளாக்கில் பெரிதாக இருக்கும் தண்ணீர்த் துளை கேஸ்கட்டில் சிறிதாக இருக்கலாம். தவறென்று நினைத்துப் பெரிதாக்கிவிடாதீர்கள். தண்ணீர் பின்சிலிண்டர் வரை போகவே அப்படி வைத்திருக்கிறார்கள். மேனுவல் சொல்லாத இடத்தில் சீலன்ட் பூசவும் வேண்டாம். சம்ப் (அடியில் ஆயில் தங்கும் தொட்டி), வால்வு கவர் போன்ற இடங்களிலும் சீலன்ட் மெல்லிய கோடாகத்தான். உள்ளே பிதுங்கியது உதிர்ந்து ஆயில் பம்பின் வலையை அடைக்கும்.

ஹெட்டில் கேம் இருக்கும் என்ஜினில், வைக்கும் முன் கிராங்கை டிடிசியிலிருந்து கால் சுற்று பின்னால் திருப்பி பிஸ்டன்களைப் பாதியில் நிறுத்துங்கள். திறந்த வால்வு பிஸ்டனில் இடிக்காது. நடுவிலிருந்து ஓரத்துக்குச் சுழல் வரிசையில், மூன்று கட்டமாக இறுக்குங்கள். இறுதி அளவு 65 நியூட்டன் மீட்டர் என்றால் 25, 45, 65. பிறகு கேமைக் குறிக்கு வைத்து, கிராங்கை டிடிசிக்குக் கொண்டுவந்து பெல்ட் அல்லது செயினை மாட்டுங்கள். கிராங்க் போல்டில் ஸ்பானர் வைத்து கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். எங்காவது கடினமாகத் தடுத்தால் நிறுத்துங்கள், வால்வு பிஸ்டனைத் தொடுகிறது. தடையில்லாமல் சுற்றிக் குறிகள் மறுபடி ஒன்றுசேர்ந்தால்தான் அடுத்த வேலை.

டேப்பெட் இடைவெளிக்கு ஒரு எளிய கணக்கு: எட்டு வால்வு வரிசையாக, இரு பாதியும் கண்ணாடிப் பிம்பம்போல அமைந்த நான்கு சிலிண்டர் என்ஜினில் ஒன்பதின் விதி. எட்டாம் வால்வு முழுக்கத் திறந்திருக்கும்போது ஒன்றாம் வால்வைச் சரிசெய்யுங்கள். ஆறு திறந்திருக்கும்போது மூன்று. கூட்டினால் எப்போதும் ஒன்பது. இன்டேக்குக்கு பொதுவாக 0.15 முதல் 0.25 மி.மீ., எக்ஸாஸ்ட்டுக்கு அதைவிடக் கொஞ்சம் அதிகம். ஃபீலர் லேசான பிடிப்போடு நழுவ வேண்டும். சத்தத்தை ஒழிக்கிறேன் என்று இறுக்கிவிடாதீர்கள். வால்வு தன் சூட்டை ஹெட்டுக்குக் கடத்துவது சீட்டில் உட்காரும் நேரத்தில்தான். இடைவெளி இல்லாவிட்டால் அது முழுக்க உட்காராது. எக்ஸாஸ்ட் வால்வு எரிவது இப்படித்தான். சத்தம் போடும் டேப்பெட்டைவிடச் சத்தமே இல்லாத டேப்பெட்டுக்குத்தான் பயப்பட வேண்டும்.

ரிங் வேலை: போகலாமா வேண்டாமா

ஆயில் விட்டுப் பார்த்ததில் கம்ப்ரஷன் ஏறியிருந்தால் ரிங். சம்ப்பைக் கழற்ற வழி இருக்கும் பல வண்டிகளில் என்ஜினை இறக்காமலே பிஸ்டனை மேல் வழியாக எடுக்கலாம். எடுப்பதற்கு முன்பே சிலிண்டர் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று தெரிய வேண்டும். போர் கேஜ் (சிலிண்டர் விட்டத்தை அளக்கும் கருவி) இல்லாவிட்டால் ஒரு புது ரிங்கும் ஃபீலர் கேஜும் போதும். பிஸ்டன் கீழே இருக்கும்போது ரிங்கைச் சிலிண்டரின் மேல் விளிம்பு மேட்டுக்குச் சற்றுக் கீழே நேராக வைத்து ரிங்கின் இரு முனைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை அளந்து கொள்ளுங்கள். பிறகு தேய்மானம் இல்லாத அடிப்பகுதியில் அளந்து பாருங்கள். இரண்டின் வித்தியாசத்தை 3.14 ஆல் வகுத்தால் விட்டத்தில் எவ்வளவு தேய்மானம் என்று கிடைக்கும். மேலே 0.55, கீழே 0.30 என்றால் வித்தியாசம் 0.25, தேய்மானம் 0.08 மி.மீ. சுமார் 0.10 மி.மீ.யைத் தாண்டினால் புது ரிங் அங்கே நிற்காது. ரீபோர் செய்து (சிலிண்டரைச் சற்றுப் பெரிதாகக் கடைந்து) பெரிய பிஸ்டன் போடுவதே வழி, அப்போது வீட்டு வேலை கழற்றி மாட்டுவதோடு நின்றுவிடும்.

வரம்புக்குள் இருந்தால் தொடரலாம். கனெக்டிங் ராடு மூடிகளில் எண் குத்துங்கள். மூடி மாறினாலும் திசை மாறினாலும் பேரிங் போய்விடும். ராடு போல்டுகள் மேல் பழைய ரப்பர் குழாய்த் துண்டு மாட்டினால் கிராங்கில் கீறல் விழாது. சிலிண்டர் மேல் விளிம்பில் விரல் தடுக்கும் மேட்டை ரிட்ஜ் ரீமரால் எடுத்துவிடுங்கள். எடுக்காவிட்டால் புது மேல் ரிங் அதில் மோதி உடையும்.

ஹோனிங்கின்போது கிராங்கைத் துணியால் இறுக்கமாக மூடுங்கள். டிரில் மெதுவாகச் சுழல, கையை மேலும் கீழும் சீராக ஓட்டினால் குறுக்குமறுக்கான கோடுகள் விழும். பிறகு கழுவுவது மண்ணெண்ணெயில் போதாது. அது துகளைக் கோடுகளுக்குள்ளேயே விட்டுவிடும். வெந்நீரும் சோப்பும் பிரஷ்ஷும் வேண்டும். ஆயில் தொட்ட வெள்ளைத் துணியால் துடைத்தால் துணி சாம்பல் நிறமாகாமல் வரும் வரை கழுவுங்கள். உலர்ந்த உடனே ஆயில் தடவுங்கள், பச்சை இரும்பு சில நிமிடத்தில் துருப்பிடிக்கத் தொடங்கும்.

ரிங் இடைவெளி மேல் ரிங்குக்கு 100 மி.மீ. விட்டத்துக்கு ஏறக்குறைய 0.4 மி.மீ. என்ற கணக்கு. 70 மி.மீ. சிலிண்டருக்கு 0.28. குறைவாக இருந்தால் சூட்டில் முனைகள் முட்டி ரிங் உடைந்து சுவரைக் கிழிக்கும்; ஒரு முனையை மட்டும் அரத்தால் உள்நோக்கி ராவுங்கள். புள்ளியோ எழுத்தோ உள்ள பக்கம் மேலே. வாய்களை 120 டிகிரிக்கு ஒன்றாகப் பிரித்து வையுங்கள். கம்ப்ரஸரில் பிடித்துச் சுத்தியலின் மரப்பிடியால் தட்டி இறக்கும்போது எங்காவது நின்றால் ஓங்கி அடிக்காதீர்கள். ரிங் வெளியே பிதுங்கியிருக்கும். எடுத்துவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

திறந்ததும் ராடு பேரிங்கைப் பாருங்கள். சாம்பல் நிறம் போய்ச் செம்பு தெரிந்தால் மாற்றுங்கள். கிராங்க் ஜர்னலில் (பேரிங் உட்காரும் பளபளப்பான பகுதி) நகம் தடுக்கும் கீறல் இருந்தால் பேரிங் மட்டும் மாற்றிப் பயனில்லை. ஆயில் அழுத்தம் முன்பு நன்றாக இருந்து, அடியில் தட்டும் சத்தமும் இல்லாதிருந்தால் மெயின் பேரிங்குகளைக் கிளற வேண்டாம்.

முதல் ஸ்டார்ட்

புது ஆயில், புது ஃபில்டர். கூலன்டும் காய்ச்சி வடிகட்டிய நீரும் பாதிக்குப் பாதி. ஹீட்டரைத் திறந்துவைத்து, வண்டியின் முன்பக்கத்தைச் சற்று உயர்த்தி நிரப்பினால் காற்று வெளியேறும். பிளக் இல்லாமல், இக்னிஷனைத் துண்டித்து, பத்துப் பத்து வினாடியாக ஸ்டார்ட்டரைச் சுற்றி ஆயில் விளக்கு அணையும் வரை காத்திருங்கள். பிறகு பிளக் மாட்டி ஸ்டார்ட் செய்யுங்கள். தொடக்கத்தில் கொஞ்ச நேரம் வரும் புகை மாட்டும்போது தடவிய ஆயில்தான். வெப்ப முள்ளைப் பாருங்கள். ரேடியேட்டர் மேல் குழாய் சூடாகவில்லையென்றால் காற்று அடைத்திருக்கிறது அல்லது தெர்மோஸ்டாட் திறக்கவில்லை.

புது ரிங் போட்டிருந்தால் ஐடிலில் வெகுநேரம் நிறுத்தாதீர்கள். ரிங்கைச் சுவரோடு அழுத்துவது சிலிண்டருக்குள் எரியும் வாயுவின் அழுத்தம், அது சுமையில்தான் வரும். மூன்றாம் கியரில் பாதி ஆக்சிலரேட்டரில் வேகமெடுத்து, காலை எடுத்து வேகம் குறைய விட்டு, மறுபடி வேகமெடுத்து என்று பத்துப் பன்னிரண்டு முறை ஓட்டுங்கள். சுமார் 500 கி.மீ.க்குள் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, டேப்பெட்டை மறுபடி அளவுக்குக் கொண்டுவாருங்கள். ஹெட் போல்டை மறுபடி இறுக்குவது மேனுவல் கேட்டால் மட்டும். அன்றே நான்கு சிலிண்டரின் கம்ப்ரஷனையும் அளந்து, பழைய எண்களுக்குப் பக்கத்தில் தேதி போட்டு எழுதிவையுங்கள். அடுத்த முறை என்ஜின் மக்கர் செய்யும்போது முதலில் எடுத்துப் பார்க்க வேண்டிய தாள் அது.